பன்விலைக்கு ஒரு விதிவிலக்கு

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் நான் கண்டியில் ஒரு சிறிய ஆசிரியர் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தேன். பதிவாளர் என்று தனியாக ஒருவரை வைக்க எங்களுக்கு வசதி இல்லாததால் அந்த வேலையும் என்னிடமே இருந்தது. காலையில் கணிதம் கற்பிக்கும் முறை. பிற்பகலில் அலுமாரி நிறையக் கோப்புகள். இரண்டும் எனக்குப் பிடித்திருந்தன. காகிதங்களை ஒழுங்காக வைத்திருப்பவரால்தான் வேண்டிய நேரத்தில் ஒரு மனிதருக்கு உதவ முடியும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கை அந்த ஆண்டில் சோதிக்கப்பட்டது. நாட்குறிப்பு எழுதுகிறவளானபடியால் தேதிகள் என்னிடம் இருக்கின்றன. இங்கே அவை தேவையில்லை.

எங்களிடம் படித்தவர்களில் பெரும்பாலோர் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். பன்விலை, ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் தொண்டர் ஆசிரியர்களாக இருந்துவிட்டு, பயிற்சிச் சான்றிதழ் கிடைத்தால் நிரந்தர நியமனம் கிடைக்கும் என்பதற்காகச் சேர்பவர்கள். இரண்டாம் ஆண்டில் அவர்கள் ஒரு தவணை முழுவதும் ஏதாவதொரு பாடசாலையில் கற்பித்தற் பயிற்சி செய்ய வேண்டும். அந்தப் பாடசாலை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு உயர்கல்வி விதிகளில் ஒரு விதி இருந்தது. ஒவ்வொரு வகுப்புக்கும் தனி அறை இருக்க வேண்டும். அப்படிப்பட்ட தமிழ்ப் பாடசாலைகள் எங்களுக்கு எட்டிய தூரத்தில் கண்டி நகரத்துக்குள்தான் இருந்தன. ஆகவே எல்லோரும் நகரத்தில் தங்கி, நகரத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துப் பயிற்சி பெற்று, பிறகு தனி அறை என்பதே இல்லாத தோட்டப் பாடசாலைக்குத் திரும்பிப் போனார்கள். இது சரியில்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். விதி என்பதால் பேசாமல் இருந்தோம்.

எங்களைப் பேச வைத்தது ஓர் அட்டைக் கடிகாரம்.

என் வகுப்பில் பன்விலைத் தோட்டமொன்றிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். அந்த ஆண்டு மாணவர்களில் மிகத் திறமையானவள். அதை அவளிடம் நான் சொன்னதில்லை. நேரம் பார்க்கக் கற்பிப்பதற்காக, தடித்த அட்டையில் வட்டம் வெட்டி, எண்கள் எழுதி, முள்கள் சுற்றுவதற்கு நடுவில் ஒரு கம்பித் துண்டு வைத்து, அழகான கடிகாரம் ஒன்று செய்திருந்தாள். பயிற்சி தொடங்கிய இரண்டாம் வாரத்தில் நகரத்தில் ஒரு பொலிஸ் சுற்றிவளைப்பு நடந்தது. அவளுடைய பையைச் சோதித்தவர்களுக்கு அந்தக் கடிகாரமும் கம்பியும் பிடிக்கவில்லை. இது எதற்கு என்று சிங்களத்தில் கேட்டார்கள். அவளுக்கு அந்த இடத்தில் ஞாபகம் வந்த ஒரே சிங்களச் சொல் "வெலாவ", அதாவது நேரம். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாளாம். கம்பி வைத்த கடிகாரத்துடன் பிடிபட்ட ஒரு தமிழ்ப் பெண் நேரம், நேரம் என்று சொன்னால் என்ன நடக்குமோ அதுவே நடந்தது. அன்று அவளைப் பொலிஸ் நிலையத்தில் தடுத்து வைத்தார்கள்.

மறுநாள் காலை கல்லூரி அதிபரும் நானும் போனோம். எங்கள் அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய அடையாள அட்டையிலும் அந்த ஊர்ப் பெயர்தான் இருந்தது. பொலிஸ் நிலைய வாசலில் என்னிடம் மெல்லச் சொன்னார்:

"டீச்சர், நீங்கள் முன்னுக்குப் போங்கோ. என்ர அட்டையை முதலில பார்த்தாங்கள் எண்டால், பிள்ளையை விட்டுப்போட்டு என்னைப் பிடிச்சு வைப்பாங்கள்."

"அப்படியென்றால் நல்லதுதானே சேர், பிள்ளை வெளியே வந்துவிடும்."

"ஓம், பிறகு என்னை எடுக்க ஆர் வருவினம்? நீங்கள் கோப்போட நிப்பீங்கள்!"

கோப்போடுதான் நின்றேன். அவளுடைய அனுமதிக் கடிதம், பாடத்திட்டம், 'நேரம்' என்ற பாடம் வரும் பக்கம் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிக் காட்டினேன். பிற்பகலில் விட்டார்கள். கடிகாரத்தைத் திருப்பித் தரவில்லை.

வெளியே அவளுடைய தகப்பனார் காத்திருந்தார். மலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. மகளைக் கண்டதும் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். எங்களைப் பார்த்துச் சொன்னார்:

"நீங்க செஞ்சதுக்குப் பெரிய கும்புடு சேர். ஆனா இனிமே எம்புள்ள டவுனுக்கு வராது. சட்டிபிக்கட் இல்லாட்டிப் போகுது. புள்ள இருந்தாப் போதும்."

அப்படியே பஸ் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தத் தவணைக்குள் பயிற்சியை முடிக்காவிட்டால் அவளுக்குச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் நியமனமும் இல்லை. முழுப் படிப்பும் வீணாகிவிடும்.

விதிகளுக்கு அவ்வப்போது வரும் திருத்தங்களை உரிய பக்கத்தில் ஒட்டி வைப்பது என் வேலை. வேறு எந்தக் கல்லூரியிலும் யாராவது அதைச் செய்தார்களா என்று எனக்குச் சந்தேகம். சில மாதங்களுக்கு முன் நான் ஒட்டிய ஒரு திருத்தம் நினைவுக்கு வந்தது. தகுந்த காரணம் காட்டும் கல்லூரி இவ்விதிகளில் எதிலிருந்தேனும் விலக்குக் கோரலாம் என்றும், அமைச்சு அதை நேரில் பரிசீலித்துத் தீர்மானிக்கும் என்றும் அதில் இருந்தது. யாரும் அதைப் பயன்படுத்தியதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. ஆசிரியர் கூட்டத்தில் அதை வாசித்தேன்.

எதிர்ப்பு நான் எதிர்பார்த்த இடத்திலிருந்து வரவில்லை. எங்கள் கல்லூரியின் மூத்த விரிவுரையாளர், தானே தோட்டத்தில் பிறந்து மேலே வந்தவர், எழுந்து நின்றார்.

"இது வேணாம். எத்தன வருசம் பாடுபட்டு நம்ம சான்றிதழ மத்தவங்க சான்றிதழோட சமமா வச்சிருக்கோம்? இன்னைக்கு ரூம் வேணாம்னு கேட்போம். நாளைக்கு, 'அது தோட்டத்துச் சான்றிதழ், சலுகையில வாங்கினது'ன்னு ஒதுக்கிருவாங்க. நம்ம புள்ளைகளுக்கு நாமளே குழி வெட்டக் கூடாது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதிபர் கதிரையில் சாய்ந்து யோசித்துவிட்டு, "சரி, அந்தப் பிள்ளையையே கேட்டுக்கொண்டு வாங்கோ. அவவுக்கு வேண்டாமெண்டால் எங்களுக்கும் வேண்டாம்" என்றார்.

வத்தேகம வழியாகப் பன்விலைக்குப் போய், அங்கிருந்து தோட்டத்துப் பாதையில் நடந்தேன். அவள் வீட்டில் இல்லை. பழைய தொண்டர் ஆசிரியை வேலைக்கே திரும்பியிருந்தாள். பாடசாலை என்பது தகரக் கூரை போட்ட ஒரே நீண்ட மண்டபம், இடுப்பளவு சுவர், அதற்குள் ஐந்து வகுப்புகள். தலைமை ஆசிரியரும் அவளும்தான் ஆசிரியர்கள். மேட்டில் ஏறும்போது ஒரு விஷயம் என்னை நிற்க வைத்தது. அவ்வளவு பிள்ளைகள் இருக்கும் மண்டபத்திலிருந்து ஒரே ஒரு வகுப்பின் குரல்தான் கேட்டது.

வாசலில் நின்று பார்த்தேன். அவள் மண்டபத்தின் நடுத்தூணருகே நின்றாள். மூன்றாம் வகுப்பைப் பார்த்துக் கையை நீட்டியிருந்தாள். அந்த வகுப்பு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது. மற்ற நான்கும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தன. கை இரண்டாம் வகுப்பின் பக்கம் திரும்பியது. மூன்றாம் வகுப்பு பாதிச் சொல்லில் நின்று பென்சிலை எடுத்தது. இரண்டாம் வகுப்பு வாயைத் திறந்தது. தலைமை ஆசிரியர் சத்தமில்லாமல் வகுப்பு வகுப்பாகக் குனிந்து திருத்திக்கொண்டு போனார்.

"ஒரு நேரத்துல ஒரு வகுப்புக்குத்தான் வாய் மிஸ்," என்று இடைவேளையில் விளக்கினாள். "மத்த நாலுக்கும் கை. வாய் வகுப்பு, கை வகுப்புன்னு சொல்லுவோம். என் கையப் பார்த்துக்கிட்டே இருப்பாங்க. இல்லாட்டி அஞ்சும் ஒண்ணாக் கத்தி, காக்காக் கூடுதான்."

நான் வந்த காரணத்தைச் சொன்னேன். திருத்தத்தை வாசித்துக் காட்டினேன். அவள் முகம் மலரவில்லை.

"எரக்கப்பட்டுக் குடுத்ததுன்னு பின்னால யாரும் சொல்லக் கூடாது மிஸ். அப்படின்னா எனக்கு வேணாம். அப்பா சொன்ன மாதிரியே இருந்துட்டுப் போறேன்."

"சரி, எப்படிக் கேட்டால் வேணும்?"

கொஞ்சம் யோசித்தாள். "எடத்த மட்டும் மாத்தக் கேளுங்க. டவுன்ல மார்க்கு போட என்ன புள்ளித் திட்டமோ அதே. யாரு பரீட்சகரா வருவாங்களோ அவங்களே. பாடத்துல ஒரு வரி கொறைக்கக் கூடாது."

பஸ்ஸில் திரும்பி வரும்போதே மனதில் விண்ணப்பத்தை எழுதி முடித்துவிட்டேன். மூத்த விரிவுரையாளர் எழுப்பிய கேள்விக்கு அந்தப் பெண் பதில் சொல்லிவிட்டாள். விலக்கு அறைக்கு மட்டும், தரத்துக்கு அல்ல. அந்த வாக்கியத்தை விண்ணப்பத்தின் முதல் வரியாக வைத்தேன். கூட்டத்தில் வாசித்தபோது மூத்தவர் எழுந்து, "தரத்துக்கு அல்லங்கிறதுக்குக் கீழ கோடு போடுங்க" என்றார். போட்டேன்.

அமைச்சிலிருந்து இருவர் வருவதாகத் தகவல் வந்தது. ஒருவர் பிரதிப் பணிப்பாளர், சிங்களவர், அதிகம் பேசாதவர். மற்றவர் தமிழ் மொழிப் பிரிவு அதிகாரி, கண்டியை அடுத்த, 'இருக்கு' என்பதை 'ஈக்கி' என்று சொல்லும் ஊரைச் சேர்ந்த முஸ்லிம். விதிகளை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர். அதிபரும் நானும் அவர்களுடைய ஜீப்பிலேயே ஏறிக்கொண்டோம். காலையிலேயே போய்ச் சேர்ந்து மதியத்துக்குள் திரும்புவது திட்டம்.

வழியில் ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். அடையாள அட்டைகளைப் பார்த்துவிட்டு அதிபரையும் என்னையும் அந்தத் தமிழ்ப் பிரிவு அதிகாரியையும் இறங்கச் சொன்னார்கள். பணிப்பாளரை இருக்கச் சொன்னார்கள். அவர் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருந்தார். பிறகு தானாகவே இறங்கி வந்து, வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டார். மேலிடத்துக்குத் தொலைபேசி எடுத்து, பதில் வந்து, நாங்கள் புறப்பட்டபோது காலைப் பொழுது முழுவதும் போயிருந்தது.

தோட்டத்துக்குள் நுழையும்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது. பாதையோரக் கற்களுக்கெல்லாம் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. தோட்ட முகாமையாளரான பெரிய தொரை வந்தால் அப்படிச் செய்வது தோட்டத்து வழக்கம். வருகிறவர் கண்ணில் எதுவும் அழுக்காகப் படக்கூடாது. அந்த மரியாதை பாடசாலைக்குள்ளும் போயிருந்தது.

மண்டபத்தில் ஐந்து அறைகள் இருந்தன.

உத்தரத்திலிருந்து உத்தரத்துக்குக் கயிறு கட்டி, சாக்குத் துணிகளை வரிசையாகத் தொங்கவிட்டு, ஐந்து வகுப்பையும் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி பிரித்திருந்தார்கள். அவை படங்குகள். தேயிலைச் செடிக்குள் போகும்போது ஈரமும் குச்சியும் படாமல் பெண்கள் இடுப்பில் கட்டும் சாக்குகள். தலைமை ஆசிரியர் வெள்ளை வேட்டியில் ஓடி வந்து கும்பிட்டார்.

"வாங்க, வாங்க! எப்புடி இருக்கு பாருங்க மிஸ். அஞ்சு ரூம்! அமைச்சுலேருந்து வர்றவங்களுக்கு வெத்து மண்டபத்தயா காட்டுறது? நம்ம தோட்டத்து மானம் என்னாவது? பொம்பளைங்ககிட்டச் சொன்னேன், ஆளுக்கொரு படங்கு குடுத்துட்டாங்க."

அவருக்குப் பின்னால் எங்கள் பெண் நின்றாள். "நான் எவ்வளவோ சொன்னேன் மிஸ், கேக்கவே இல்ல" என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

அதிபர் என் காதருகே குனிந்தார். "அறை இல்லையெண்டு நாங்கள் விலக்குக் கேக்கிறம். இந்த மனிசன் அறை கட்டி வைச்சிருக்குது. முடிஞ்சுது கதை."

தமிழ்ப் பிரிவு அதிகாரி படங்குகளுக்கு நடுவே ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார்.

"ரூம் ஈக்கிதானே மிஸ். பின்ன என்னத்துக்கு விதிவிலக்கு?"

"இது இன்றைக்கு மட்டும் சேர். வழக்கமாக இப்படி இல்லை."

"நாங்க பாக்க வந்தது இன்னைக்குத்தானே. வழக்கத்த நான் எங்க போய்ப் பாக்கிறது?"

பணிப்பாளர் பாடத்தைத் தொடங்கச் சொன்னார். அவள் நடுத்தூணருகே போய் நின்று கையை நீட்டினாள். அவளுக்கு எதிரே இருந்தது சாக்கு. இரண்டாம் வகுப்புக்கு அவள் கை தெரியவில்லை. தங்கள் முறைதான் என்று நினைத்து வாய்விட்டுச் சொல்லத் தொடங்கியது. அதைக் கேட்ட நான்காம் வகுப்பு, தாங்கள் பிந்திவிட்டோம் என்று பயந்து இன்னும் உரத்துத் தொடங்கியது. சற்று நேரத்தில் ஐந்து வகுப்பும் ஐந்து வாய்ப்பாட்டைத் தகரக் கூரை அதிரச் சொல்லிக்கொண்டிருந்தன. பணிப்பாளர் ஒரு காதைப் பொத்திக்கொண்டார். அதிகாரி எதையோ எழுதினார். அவள் ஒரு சாக்கை விலக்கி ஒரு வகுப்பை அடக்கினால், அடுத்த சாக்குக்குப் பின்னால் இன்னொன்று கிளம்பியது. அவளுடைய இரண்டு வருடப் படிப்பு என் கண் முன்னால் அந்தச் சத்தத்தில் கரைந்துகொண்டிருந்தது.

அப்போது இடுப்புச் சுவருக்கு மேலாக ஒரு தலை எட்டிப் பார்த்தது. பகல் சாப்பாட்டை முடித்துவிட்டு மலைக்குப் போகும் ஒரு பெண்.

"சார், மழ கட்டிக்கிட்டு வருது. எம் படங்க எடுத்துக்கிறேன்."

"ஏய், இப்ப இல்ல! பொறவு வா!" என்று தலைமை ஆசிரியர் பல்லைக் கடித்துக்கொண்டு கையால் விரட்டினார்.

"காலையில முடிஞ்சிரும்னுதானே வாங்குனீங்க? காலையில பழைய சீலையச் சுத்திக்கிட்டுப் போனேன். மழையில அதக் கட்டிக்கிட்டுச் செடிக்குள்ள போக முடியுமா? பொறவு வந்தா கங்காணி அரப்பேரு போட்டு அர நாள் சம்பளத்த வெட்டிருவாரு. ஒங்க ரூமா வந்து கொழுந்து எடுக்கும்?"

சொல்லிக்கொண்டே உள்ளே வந்து, கயிற்றிலிருந்து தன் படங்கை உருவி, இடுப்பில் சுற்றி, முடிச்சுப் போட்டுக்கொண்டு போனாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அவளுக்குப் பின்னால் மூவர்.

"அது என்னுது புள்ள, ஒன்னுது கிழிஞ்சது."

"கிழிஞ்சது ஒன்னுதுதான். நேத்து தச்ச நூலு தெரியல?"

"அஞ்சாம் வகுப்புச் செவத்த எடுத்துட்டுப் போறா பாருடி!"

பணிப்பாளர் அதிகாரியைப் பார்த்து, "மொகத மே?" என்று கேட்டார். இது என்ன என்று. அதிகாரி சிங்களத்தில் விளக்கினார். விளக்க விளக்கப் பணிப்பாளரின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. அவர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். தலைமை ஆசிரியர் தலையில் கைவைத்து ஒரு வாங்கில் உட்கார்ந்துவிட்டார்.

சாக்குகள் ஒவ்வொன்றாகப் போகப் போக மண்டபம் திறந்தது. ஒவ்வொரு வகுப்பும் தூணருகே நிற்கும் அவளைக் கண்டது. கண்ட வகுப்பு தானாகவே வாயை மூடியது. கடைசிப் பெண் வாசலைத் தாண்டியபோது அந்த மண்டபத்தில் கூரையில் விழத் தொடங்கிய தூறல் மட்டும் கேட்டது.

கையை மூன்றாம் வகுப்பின் பக்கம் நீட்டினாள்.

கழித்தல் பாடம். கொழுந்து நிறுப்பதை எடுத்துக்கொண்டாள். கூடையோடு நிறுத்தால் இவ்வளவு, கூடையின் நிறை இவ்வளவு, கழித்தால் கொழுந்து எவ்வளவு? பிள்ளைகள் சொன்னார்கள். இன்னொரு கணக்கு. அதையும் சொன்னார்கள்.

"சரி. ஒங்கம்மா கூடை கனமா இருக்கு, ஈரமும் இருக்கு. நிறுக்கிறப்ப எவ்வளவு கழிப்பாங்க?"

முன் வரிசையில் ஒரு சிறுமி எழுந்து நின்றாள். "அது கணக்கப்புள்ளைக்குத்தான் தெரியும் டீச்சர். அவரு நெனைக்கிறதுதான்."

எழுதிக்கொண்டிருந்த நான்கு வகுப்புகளும் கூடத் தலையைத் தூக்கிச் சிரித்தன. அதிகாரி மொழிபெயர்த்ததும் பணிப்பாளர் மீண்டும் சிரித்தார். அவள் கையை ஒரு விரலளவு தாழ்த்தினாள். சிரிப்பு நின்றது, நான்கு வகுப்பும் குனிந்தன. "அவரு என்ன நெனைச்சாருன்னு நாம எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதுதான் இன்னைக்குக் கணக்கு" என்று பாடத்தைத் தொடர்ந்தாள்.

அதிகாரி சும்மா இருக்கவில்லை. ஒரு வகுப்பு பேசும்போது மற்றவை உண்மையாகவே படிக்கின்றனவா என்று பார்க்க, வாங்கு வாங்காகப் போய்க் கொப்பிகளைத் தூக்கிப் பார்த்தார். நான்காம் வகுப்பு கொடுத்த கணக்குகளை முடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தது. ஐந்தாம் வகுப்பில் ஒருவனிடம் திடீரென்று ஒரு கேள்வி கேட்டார். அவன் பதிலை வாயால் சொல்லாமல் எழுதி நீட்டினான்.

"ஏன், வாய் இல்லையா?"

அவன் தூணருகே நின்ற அவளைக் கண்ணால் காட்டினான். அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் முதல் தடவையாக ஒரு தளர்வு இருந்தது.

பாடம் முடிந்ததும் பணிப்பாளர் அதிகாரி மூலம் அவளிடம் கேட்டார்: நகரத்துப் பாடசாலையில் பயிற்சி பெற்றால் இந்த முறை அங்கே கிடைத்திருக்குமா?

"இல்லிங்க சேர். அங்க இது தேவப்படாது. இங்க இது இல்லாம ஒரு நாள் ஓட்ட முடியாது."

அதிகாரி தன் பங்குக்குக் கேட்டார். "இங்க கஷ்டம் கூடத்தானே. அதுக்காகப் புள்ளித் திட்டத்தக் கொஞ்சம் எளசாக்கிக் கேக்கிறீங்களா?"

"வேணாம் சேர்." கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அதே புள்ளி. அதே கேள்வி. எடத்த மட்டும் மாத்துங்க."

திரும்பும் வழியில் ஜீப்பில் அந்த அதிகாரி தன் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டே வந்தார். வத்தேகம தாண்டியதும் அதிபரிடம் சொன்னார்: "அந்தச் சாக்கெல்லாம் கட்டாம இருந்தா, நான் இவ்வளவு வெளங்கியிருக்க மாட்டேன் சேர். சுவர் ஈக்கிறப்போ என்ன நடந்துச்சு, இல்லாதப்போ என்ன நடந்துச்சுன்னு ரெண்டையும் கண்ணால பாத்துட்டேன்."

அதிபர் நல்ல பிள்ளையைப் போல, "ஓம், அதுக்காகத்தான் கட்டினது" என்றார். நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.

தீர்மானம் எழுத்தில் வருவதற்கு முன் தொலைபேசியில் வந்தது. அதிபர் எழுந்து நின்றபடி கேட்டார். "ஓம்... ஓம்... அப்படியோ?... மிச்சம் நன்றி" என்று சொல்லி வைத்துவிட்டு, கதிரையில் உட்கார மறந்து, அறை அறையாகப் போய்ச் சொன்னார். எங்கள் கல்லூரிக்கு விலக்குக் கிடைத்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு மட்டுமல்ல. தோட்டங்களிலிருந்து வந்த எல்லா ஆசிரிய மாணவர்களும் தங்கள் தோட்டப் பாடசாலையிலேயே பயிற்சி செய்யலாம். புள்ளித் திட்டத்திலும் பரீட்சகர்களிலும் மாற்றம் இல்லை. மூத்த விரிவுரையாளர் என் மேசைக்கு வந்து, கையைக் குலுக்கி, "கோடு போட்டதுதான் வேலை செஞ்சது" என்றார். அன்றைக்கு யாருக்கும் எதையும் மறுக்கும் மனநிலையில் நான் இல்லை.

செய்தியைச் சொல்ல நானே பன்விலைக்குப் போனேன். அவள் பாடத்தின் நடுவில் இருந்தாள். வாசலில் என்னைக் கண்டதும் என் முகத்திலிருந்தே விஷயத்தைப் புரிந்துகொண்டாள், கண்கள் நிறைந்துவிட்டன. ஆனாலும், "கொஞ்சம் இருங்க மிஸ், இந்தக் கணக்க முடிச்சிர்றேன்" என்றாள். நான் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுடன் குட்டி வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தேன். நாட்டில் அன்றைக்கு என்னைவிடச் சந்தோஷமாகக் காத்திருந்தவர் இருந்திருக்க முடியாது. தலைமை ஆசிரியருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. என்னிடம் வந்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டவர், மழையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மலையில் வேலை செய்த பெண்களிடம் சொல்ல ஓடினார்.

தவணை முடிவில் பரீட்சகர்கள் மலையேறி வந்தார்கள். நகரத்தில் இருந்திருந்தால் வந்திருக்கக்கூடிய அதே இருவர். அவள் அதிதிறமைச் சித்தி, அதாவது மிக உயர்ந்த தேர்ச்சி, பெற்றாள். அந்த ஆண்டில் எங்கள் கல்லூரியில் கற்பித்தற் பயிற்சியில் அந்தச் சித்தி பெற்றவள் அவள் ஒருத்திதான். அடுத்த ஆண்டில் வேறு இரண்டு கல்லூரிகள் விலக்குக் கோருவது எப்படி என்று கேட்டு எங்களுக்கு எழுதின. விண்ணப்பத்தின் பிரதியை, கோடு போட்ட வரியுடன், இரண்டுக்கும் அனுப்பினேன்.

சான்றிதழை நேரில் வந்து கையெழுத்திட்டுத்தான் வாங்க வேண்டும். அவள் கண்டிக்கு வந்தாள், கூடவே தகப்பனார். வெள்ளைச் சட்டை, சீவிய தலை, இரண்டு அடையாள அட்டைகளும் சட்டைப் பையில். என் மேசைக்கு எதிரே கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தார். சான்றிதழை நான் அவளிடம் கொடுத்தேன். அவள் அதை மேலிருந்து கீழாக ஒரு வரி விடாமல் வாசித்தாள். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். மறுபடி முன்பக்கம்.

"என்னத்தத் தேடுற?" என்று தகப்பனார் கேட்டார்.

"வெலக்கு, சலுகைன்னு எங்கயாச்சும் போட்டிருக்கான்னு பாக்கிறேன்ப்பா."

"போட்டிருக்கா?"

"எங்கயுமே இல்ல."

அவர் சான்றிதழை மெதுவாக வாங்கி, எழுத்துத் தெரியாவிட்டாலும், முத்திரை இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மிஸ், இதுக்கு மேல என்ன படிப்பு இருக்கு?"

"பட்டப்படிப்பு இருக்கு ஐயா. வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். ஆனால் வகுப்புகள் இங்கே டவுனில்தான் நடக்கும்."

மகள் அவரைப் பார்த்தாள். அவர் சான்றிதழைப் பார்த்துக்கொண்டே யோசித்தார்.

"சனி, ஞாயிறுன்னா நானே கூட்டிக்கிட்டு வந்து வாசல்ல ஒக்காந்திருக்கேன்," என்றார். "பேர எழுதிக்கிருங்க மிஸ்."